கற்பனை

ஞாயிறு பள்ளித் தாளை மேசையில் போட்டுவிட்டு
யோவேல் கேட்டான்:
"பத்துக் கற்பனைன்னா
கடவுள் சும்மா நெனச்சுப் பாத்ததா?"
கற்பனை என்றால் இல்லாததை நினைப்பது,
புதன்கிழமை காணொளித் தமிழ் வகுப்பில்
அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.
ஒன்பது வயது. ஸ்விஃப்ட் கரண்டில் பிறந்தவன்.
கட்டளைக்கு நம் சபையின் பழைய வார்த்தை அது என்றேன்.
"அப்போ கட்டளைன்னே சொல்லலாமே?"
குக்கர் கூப்பிடுகிறது என்று
எழுந்துபோய்விட்டேன்.
குக்கர் கூப்பிடவில்லை.

மறுநாள் மைனஸ் இருபத்தெட்டு.
ரஷ் லேக் தாண்டியதும் சாலையைக் காணோம்.
முன்னால் போன லாரியின் பின்விளக்கும்
கரைந்துபோயிற்று.
அப்போதுதான் வலப்பக்கச் சக்கரத்தின் அடியில்
ஓரத்து வரிப்பள்ளங்கள் உறுமின.
கோடையில் அந்தச் சத்தம் எனக்கு ஆகாது.
தூங்கவில்லையே, ஏன் கத்துகிறாய் என்று
ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிப்பேன்.
இன்று கொஞ்சம் விலகினேன்,
திரும்ப வேண்டுமென்றே போய்த் தொட்டேன்.
இருக்கிறாயா?
டுர்ர்ர், இருக்கிறேன்.
இருக்கிறாயா?
இருபது நிமிடம் இப்படியே
தடவித் தடவி வந்து சேர்ந்தேன்.
இறங்கும்போது முழங்கால்
என்னுடையதாக இல்லை.

என் வேலை எடைமேடையில்.
லாரி ஏறும், எண் எரியும்,
மாதிரி அள்ளிச் சல்லடையில் ஆட்டி
தூசும் கல்லும் எத்தனை சதவீதம் என்று எழுதவேண்டும்.
சிவப்புப் பருப்பு. இங்கே விளைந்து
தூத்துக்குடியில் இறங்கி
என் அத்தான் வீட்டுச் சாம்பாருக்கும் போகலாம்.
அப்ராம் ஃப்ரீசனின் லோடு,
இரண்டு புள்ளி நான்கு.
"மூன்று என்று போடேன்,
இவர்கள் யாரும் சரிபார்ப்பதில்லை"
என்பார் டெரக், காப்பியை ஊதிக்கொண்டே.
உத்தரவு என்று சொல்லமாட்டார்.
உத்தரவு இல்லை என்றும் சொல்லமாட்டார்.

மூலையில் இருக்கும் கேமரா
திங்கட்கிழமையிலிருந்து செத்துக் கிடக்கிறது.
பதினோரு வருடம் நான் நேர்மையாக இருந்தது
அந்தச் சிவப்புப் பொட்டு விளக்குக்குத்தான்.
அதற்கு முன் அப்பாவின் பெல்ட்டுக்கு,
அதற்கும் முன் நரகத்துக்கு.

கண்ணாடிக்கு வெளியே ஃப்ரீசன்
கையுறையைக் கழற்றி
பனி படிந்த பதிவெண் பலகையை
வெறும் விரலால் துடைத்துக்கொண்டிருந்தார்,
நான் எண்ணைப் படிக்கவேண்டுமே என்று.
பேனா மூன்றின் மேல்வளைவு வரை போயிற்று.
நிஜமாகவே போயிற்று.
அதை இரண்டாக முடித்தேன்.
புள்ளி. நான்கு.

அப்போது காதில் அந்த உறுமல்,
வெள்ளைக்குள் இருந்து,
என்னைத் திட்டாமல், இந்தப் பக்கம் என்று மட்டும்.
அப்போதுதான் யோவேலின் கேள்வியும்.
ஆமாம்டா,
நெனச்சுப் பார்த்திருப்பார்.
களவாடாத ஒருத்தியை,
அடுத்தவன் பருப்பில் கை வைக்காத ஒருத்தியை,
இன்னும் இல்லாத ஒருத்தியை
உட்கார்ந்து யோசித்திருப்பார்,
நான் பிறக்கும் முன்பே, எத்தனை ஆசையாக.

பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை.
மதியம் நாத்தனாருக்குப் போனில் ஒரு பொய் சொன்னேன்.
அவள் ரெஜைனாவில் வாங்கிய வீட்டுக்கு
கராஜ் தரையும் சூடாகுமாம்.
இரவு முழுக்க அந்தத் தரையில்
வெறுங்காலோடு நடந்தேன், பத்தாவதை மிதித்துக்கொண்டு.
நான்காவதோ இன்னும் பெருஞ்சண்டை:
ஞாயிறு ஓவர்டைம் இரட்டைக் கூலி,
ஓய்ந்திரு என்கிறவரோடு
வாரம் தவறாமல் பேரம்.

ஆனால் காலையில் கிளம்பும்போது
யோவேலின் தாளில்
கற்பனை என்ற சொல்லுக்கு எதிரே
அவன் போட்டிருந்த கேள்விக்குறியை
அழிக்கவில்லை.
பக்கத்தில் பென்சிலால் சின்னதாக
ஒரு லாரி வரைந்துவிட்டு வந்தேன்.
சாயங்காலம் கேட்பான்.